ரூமுக்கு வெளியே விட்ட ஷூ

எடின்பரோ

அன்புள்ள அப்பாவுக்கு,

யோகலட்சுமி வணக்கத்தோட எழுதுறேன். இங்க சொகத்துக்குக் குறைவில்லை. உங்க முழங்கால் வலி தேவலையா? புதுவயல் மில்லுக்கு இன்னமும் சைக்கிள்லதான் போறீகளா?

நம்ம வீட்டுப் பழக்கத்துல ஷூவ ஹாஸ்டல் ரூமுக்கு வெளியவே கழட்டி விட்டேன். கூட்டிப் பெருக்க வந்தவுக, வேண்டாததுன்னு நினைச்சுக் குப்பையில போட்டுட்டாக. அன்னைக்குன்னு பாத்து கிளாஸ்ல நான் பேசவேண்டிய நாள். வெளிய ஒரே பனி. பக்கத்து ரூம் கென்யாப் பொண்ணோட பெரிய பூட்ஸ மாட்டிக்கிட்டு, டொக்கு டொக்குன்னு போய் நின்னு பேசிட்டேன். புரொபசரே கைதட்டுனாரு. அதனால கவலைப்படாதீக.

புது ஷூவ ரூமுக்குள்ளதான் விடுறேன். ஒரே ஒரு ஜோடிதான் கிடக்கு.

அம்மாகிட்டச் சுண்டவத்தல் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்க. அப்புறம், நம்ம வாசல்ல என் பழைய செருப்பு கிடக்கும். அதை யாரும் எடுத்துப் போட்டுற வேண்டாம்.

கிளாஸுக்கு நேரமாச்சு.

உங்க மக,
யோகலட்சுமி