கழுவாத ஸ்டீல்

மார்ச் 3
ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பிக்கான ஸ்டீல் துண்டுகள். கிருமியைக் கொல்லும் என்சைம் ஒட்டியது ஒன்பது, ஒட்டாதது ஒன்பது. ஒட்டியதில் இன்றும் ஒரு கிருமிகூட வளரவில்லை. முதலாளி ஓஸ்வால்ட் சார் கேக் வாங்கி வந்தார். “பிரிஸில்லா, உனக்கு ராசியான கை” என்றார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 6
புதிதாகச் சேர்ந்த தமயந்தி, சோதனைக்கு முன்னால் துண்டுகளை மூன்று தடவை கழுவிவிட்டாள். “காலேஜ்ல அப்படித்தான்க்கா சொல்லிக் கொடுத்தாங்க.” எல்லாவற்றிலும் கிருமி அப்பிக் கிடக்கிறது. தாம்தூம் என்று குதித்தேன்.

மார்ச் 7
குதிச்சிருக்கக் கூடாது. தப்பு என்னுது. என்சைம் கெடாம இருக்க அது வர்ற பாட்டில்ல அசைடுன்னு ஒரு ரசாயனம் கலந்திருக்கும் — கிருமிக்கு அதுவே விஷம். கழுவினா என்சைம் போயிடுமோன்னு பயந்து, ஒட்டின துண்டை அதுலயே ஊற வச்சு அப்படியே சோதனைக்குப் போட்டேன். ஒட்டாததை வெறும் தண்ணில. எட்டு மாசமா! இன்னைக்குப் பார்த்தேன், கழுவின துண்டுல என்சைம் அப்படியேதான் இருக்கு; கிருமியைத் தடுத்தது என்சைமே இல்ல. ஐயோ, எவ்ளோ பெரிய முட்டாள் நான்.

மார்ச் 10
சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். அடுத்த வாரம் குழந்தைகள் வார்டில் கம்பிகளை மாட்டுகிறார்களாம். “தினம் மருந்து போட்டுத் துடைக்க வேணாம்னு எழுதிக் கொடுத்தாச்சு. யாரும் கேக்கல, நீயும் பேசாத.” வேலையை விடக் கூடாதென்ற மூன்று வருஷ பாண்டில் இன்னும் பதினாறு மாதம். என் எம்.எஸ்ஸி. ஒரிஜினல் சர்டிபிகேட் அவர் பீரோவில்.

மார்ச் 11
எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கேப் முக்கால் மணி நேரம் நின்றது. இறங்கவும் வழியில்லை. பக்கத்தில் தமயந்தி நிம்மதியாகத் தூங்கினாள்.

மார்ச் 13
கோலாரிலிருந்து அம்மா போன். “சர்டிபிகேட் இல்லாம எங்கடி போவ? வாயை மூடிக்கிட்டு இரு.” நியாயந்தான். ஆனா அந்த வார்டுல பொறந்து ரெண்டு நாளான குழந்தைங்க. துடைக்காத கம்பியைப் பிடிச்ச கையோட நர்ஸ் தூக்குவாங்க. எப்படிம்மா மூடிக்கிட்டு இருக்கிறது?

மார்ச் 14
வார்டு டாக்டர் மெர்சிக்கு மெயில் போட்டேன். தப்பு என்னுடையது என்றே எழுதினேன். கழுவிய துண்டுகளின் போட்டோவும் வைத்தேன்.

மார்ச் 17
கம்பி மாட்டலை. சார் என் ஐ.டி. கார்டைப் பிடுங்கிட்டார். பீரோவைத் திறக்கலை.

ஏப்ரல் 9
ஒயிட்ஃபீல்டில் இன்டர்வியூ. கையில் வெறும் ஜெராக்ஸ். பழைய வேலை ஏன் போச்சு என்று கேட்டார்கள். மழுப்பாமல் முழுதும் சொன்னேன். எதிரே இருந்த கோவிந்தப்பா சார் ஜெராக்ஸைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“சரி மேடம், அந்தத் துண்டுகளை எதுல கழுவினீங்க? எத்தனை நிமிஷம்?”