ஒரே பை

சனிக்கிழமை, இரவு

பக்கத்து வீட்டு றமீசா ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். கடைச் சாமான் நான்தான் வாங்கிக் கொடுக்கிறனான். இன்றைக்கு மன்னார் பஜாரில் அவவுக்குக் கோதுமை மாவும் சீனியும் வாங்கினேன். நாளைக்குச் சமைக்க எங்களுக்குப் பன்றி இறைச்சி. எல்லாவற்றையும் வழக்கம் போல ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், இறைச்சித் தண்ணி ஒழுகி ராத்தாவின் மாப் பையும் சீனிப் பையும் நனைந்திருந்தன. இறைச்சிப் பையின் வாயை இறுக்கிக் கட்டாதது என் பிழை. உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. துடைத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகுது? துணியும் எடுத்துவிட்டேன். ஆனால் பன்றி அவவுக்கு ஹராம், மனம் வரவில்லை. இரண்டையும் எங்களுக்கு வைத்துக்கொண்டு, சந்திக் கடைக்கு நடந்துபோய் வேறு மாவும் சீனியும் வாங்கிக் கொடுத்தேன்.

"ஏன் புள்ள இவ்வளவு நேரம்?"

"பஸ் பிந்திப் போச்சு ராத்தா."

வாங்கி மாவை அப்படியே டின்னுக்குள் கொட்டினா. "நீ கொண்டு வாற சாமான் எண்டா நான் பார்க்கிறதே இல்லை" என்று சிரித்தா.

இனி இறைச்சிக்கு மூடி போட்ட வாளி ஒன்று கொண்டுபோக வேண்டும். ஆனால் இரண்டு வருடமாக ஒரே பையில்தான் கொண்டு வந்திருக்கிறேன். ஒழுகியிருக்கா என்று நானும் ஒருநாளும் பார்த்ததில்லை.