தங்கைக்கென்று வாங்கிய மேக்

மார்ச் 4, செவ்வாய்

தங்கையின் கம்ப்யூட்டர் கடைசிக்கால இருமலை ஆரம்பித்துவிட்டது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் அடுப்படி வரை கேட்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஒன்பது வருடமாக இந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து செய்கிறாள். கண் பார்வை நாலு வயதிலேயே போய்விட்டது. காதும் விரலும்தான் அவள் மூலதனம். டாக்டர் முணுமுணுக்கிறாரா, விசிறி முணுமுணுக்கிறதா என்று பிரிப்பதே பெரும்பாடாக இருக்கிறதாம்.

புதிது வாங்கும் பொறுப்பு எனக்கு. பணம் அவளுடையது. "அண்ணா, இதே மாதிரி, ஆனா புதுசு. அவ்வளவுதான். நீயா எதுவும் யோசிக்காத."

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் இதே பேச்சு. விசேஷ வீடுகளில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டும் ஐந்து பேரில் நாலு பேர் ஆப்பிளின் மேக் கட்சி. ஐந்தாமவன் பதினோரு வருடமாக விண்டோஸுக்காகத் தனியாக வாதாடுகிறான். அதனாலேயே அவன் பெயர் வக்கீல்.

"தங்கச்சிக்கு மேக்கா? எதுக்கு?" என்றான். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் வசதி அதிலும் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்றேன். "இருக்கட்டும். ஆனா கீ எல்லாம் வேற. அவங்க விரல் ஒன்ன பழகியாச்சு. பழகின விரல ஏன்டா கலைக்கிற?"

எதையெடுத்தாலும் வாதாடுவான். மேக்கில் சத்தமே வராது, சூடாகாது, பத்து வருடம் உழைக்கும். அவளுக்கு அதுதான் நல்லது. அவளுக்காகத்தான் சொல்கிறேன்.

மார்ச் 8, சனி

வாங்கியாயிற்று. வெள்ளி நிறம். மூடினால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்.

பழையதைக் கடையிலேயே மாற்றாகக் கொடுத்துவிட்டேன். நோயாளிகள் விவரம் வெளியே போகக்கூடாது என்று, கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அழித்தேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

"சுருக்கப் பட்டியல பத்திரமா எடுத்துட்டியா?" என்று தங்கை இரண்டு தடவை கேட்டாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்றேன்.

புதியதைத் தடவிப் பார்த்தாள். "சில்லுன்னு இருக்கு. வலது பக்கம் நம்பர் கீ எங்க?" இதில் கிடையாது, தேவைப்படாது என்றேன். "எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா?" என்றும் சொன்னேன்.

அதை யாரிடம் சொன்னேன்?

மார்ச் 10, திங்கள்

ஒரு நாளைக்கு அறுபது அறிக்கை அடிப்பவள். இன்று பத்தொன்பது.

சாயங்காலம் கதவோரம் நின்று பார்த்தேன். பழைய மெஷினில் எட்டாம் எண்ணைத் தட்டினால் இருக்கும் வரியை வாசிக்கும், ஏழைத் தட்டினால் மேல் வரி, ஒன்பதைத் தட்டினால் கீழ் வரி. அவளுடைய வலது கை திரும்பத் திரும்ப வலப்பக்கம் போய், வெறும் மேஜையைத் தட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. பட்டியல் இல்லை. "மூதி" என்று அடித்தால் "மூச்சுத் திணறல் ஏதும் இல்லை" என்று முழு வாக்கியமாக விரியும். அப்படி நாலாயிரத்துச் சொச்சம் சுருக்கங்கள். அவள் வேகமே அதுதான். கோப்புகளை எல்லாம் எடுத்தேன், பாட்டைக்கூட எடுத்தேன். பட்டியல் கோப்புகளோடு இல்லை, தட்டச்சு மென்பொருளின் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. தேடவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"பட்டியல எப்ப ஏத்துவ?" என்று கேட்டாள்.

"ஸ்டுடியோவுல ஒரு டிஸ்க்குல இருக்கு. கொண்டு வரேன்."

வாய் கூசவில்லை. எழுதும்போதுதான் கூசுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

கடைக்குப் போனேன். பழைய டிஸ்க் இன்னும் அங்கேதான் இருந்தது. கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரு சார் இத அழிச்சது? ரொம்ப சுத்தமா அழிச்சிருக்காங்க."

மார்ச் 14, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இவள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் அம்மா போனில் பேசியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் பழைய எண்ணிக்கைக்கு வராவிட்டால் இதய நோய்ப் பிரிவை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவள் வேலையில் பாதி அந்தப் பிரிவுதான்.

"யாரு உங்களுக்கு இத வாங்கிக் குடுத்தது?" என்று அந்த அம்மா கத்தியது எனக்கே கேட்டது. தங்கை என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்: "தப்பு மெஷின் மேல இல்லண்ணா. எனக்குத்தான் விரல் மரத்துப் போச்சு போல. வயசாகுதுல்ல."

முப்பத்தேழு வயது.

மார்ச் 17, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

எண் விசைகள் உள்ள தனி விசைப்பலகை ஒன்று வாங்கி மாட்டினேன். ஆசையாகக் கை வைத்தாள். எட்டைத் தட்டினால் வேறு என்னவோ சொல்லிற்று. "வீடு நம்ம வீடுதான். ஆனா எல்லாக் கதவையும் எவனோ இடம் மாத்தி வச்சிருக்கான்" என்று சிரித்தாள்.

எவனோ.

வக்கீலிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். இந்த ஒருமுறை அவன் வாதாடவே இல்லை. "போய்ச் சொல்லிடு" என்றான். அதற்கு அவன் நாலு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

மார்ச் 6-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவளுக்காகத்தான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். சொந்த நாட்குறிப்பிலேயே பொய். யார் படிக்கப் போகிறார்கள் என்று யாருக்காகப் பொய் சொன்னேன்?

உண்மை இது. பதினோரு வருடமாக எனக்கு ஒரு மேக் வேண்டும். ஸ்டுடியோவில் முதலாளியுடையதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த ஆசை. வீட்டில் ஒன்று இருந்தால், அவளுக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்கார்ந்து எனக்குப் பிடித்த மாதிரி ஒரு படம் வெட்டலாம் என்று கணக்குப் போட்டேன். கடையில் திரையின் அளவைக்கூட என் கண்ணுக்குத்தான் பார்த்தேன். அவளுக்குத் திரை எதற்கு? அவள் காசில், அவள் பெயரில், எனக்கு வாங்கினேன்.

மனைவி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். பெட்டியைப் பிரிக்கும்போது என் முகத்தைப் பார்த்து, "ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் தங்கை அந்த மெஷினை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி என் அறைக்கு வந்தாள். "இந்தாண்ணா. இன்னைக்கு எனக்கு வேல இல்ல, சும்மாதான கிடக்கு. உனக்கு வீடியோ வெட்ட ஆகும்ல, வச்சுக்கோ. சாயங்காலம் குடு."

வாங்கிக் கட்டில்மேல் வைத்தேன். வெளியே போய் நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. திரும்பி வந்து, திறக்காமலே கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தேன்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பட்டியல் போனது, டிஸ்க் கதை பொய், யாருக்காக வாங்கினேன் என்பது வரைக்கும்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள். அப்புறம், "அது அப்பா வாசிச்சதுடா" என்றாள்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. இவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆஸ்பத்திரி கொடுத்த சொற்றொடர்ப் புத்தகத்தை அப்பா தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். அவர் வாசிக்க வாசிக்க இவள் சுருக்கம் வைத்து ஏற்றினாள். முக்கால்வாசி அப்படி ஏறியது. அப்பா போய் ஆறு வருடமாகிறது.

"நான் என்ன கேட்டேன்? இதே மாதிரி, ஆனா புதுசு. இதுல எந்த வார்த்த உனக்குப் புரியல? நான் என் விரலத் திட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டு வாரமா அதக் கேட்டுக்கிட்டு எப்படிடா என்கூட உக்காந்து சாப்பிட்ட?"

சாப்பிட்டேன்தான். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

மார்ச் 29, சனி

என்னோடு பேச்சில்லை. வக்கீலை வரவழைத்து, அவனோடும் என் மனைவியோடும் கடைக்குப் போய் வந்தாள். கறுப்பாக, கனமாக, வலப்பக்கம் எண் விசைகளோடு ஒரு விண்டோஸ் மெஷின். பார்க்க நன்றாகவே இல்லை. எட்டைத் தட்டினாள், வரியை வாசித்தது. தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன்.

மேக்கை என் அறை வாசலில் வைத்துவிட்டாள். "ஆசப்பட்டு வாங்கினது. நீயே வச்சுக்கோ." ஐந்து நாளில் என்னிடம் சொன்னது இது ஒன்றுதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இதய நோய்ப் பிரிவு போய்விட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். அண்ணா என்று இல்லை, "இங்க வா" என்று. அந்தச் சொற்றொடர்ப் புத்தகம் மேஜையில் இருந்தது. அச்சுப் புத்தகம், அவளால் வாசிக்க முடியாது.

"தினமும் ஒரு மணி நேரம் வாசி. நடுவுல உன் பேச்சு எதுவும் வேண்டாம்."

வாசித்தேன். அப்பா முடித்த ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன குறி போட்டிருக்கிறார். பக்கம் பக்கமாக. ஒரு குறியில் விரலை வைத்தபடி நின்றுவிட்டேன். "ம்?" என்றாள். அடுத்த வரிக்குப் போனேன். இன்று இருபத்தாறு ஏறியது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மேக்கை இன்றுதான் திறந்தேன். விற்றுப் பணத்தை அவளிடம் கொடுப்பதற்கு முன் அவள் கோப்புகளை எடுத்துவைக்க வேண்டும். இந்தத் தடவை எது எங்கே இருக்கிறது என்று அவளையே கேட்டு எழுதி வைத்திருந்தேன்.

திறந்ததும் பேசத் தொடங்கியது. வாசிக்கும் குரலை யாரும் நிறுத்தவில்லை, அவள் வைத்த வேகத்திலேயே இருக்கிறது. அரிசியைத் தகரத்தில் கொட்டினதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு சொல் பிடிபடவில்லை. இந்த வேகத்திலா இத்தனை வருடமாகக் கேட்கிறாள்? வேகத்தைக் குறைத்தேன். புரியவில்லை. இன்னும் குறைத்தேன். ஏழெட்டுப் படி இறங்கிய பிறகுதான் அது தமிழ் என்றே தெரிந்தது.

அது வாசித்தது அவள் எழுதி மூடாமல் விட்ட ஒரு கடிதத்தை. மார்ச் 14 தேதி. மேற்பார்வையாளர் அம்மாவுக்கு.

"எண்ணிக்கை குறைந்ததற்கு நானே பொறுப்பு. இந்தக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டவள் நான். பழைய மாதிரியே வாங்கலாம் என்று அண்ணன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல வேண்டாம்."

அன்று போனில் அந்த அம்மா கத்தியதைக் கேட்டு நான் உள்ளே போன பிறகு எழுதியிருக்கிறாள்.

திரும்பப் போட்டுக் கேட்டேன். எத்தனை தடவை என்று எழுத வேண்டாம்.

ஏப்ரல் 21, திங்கள்

ஏழு மணி. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

"கோப்பு எல்லாம் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். உன் புது மெஷின்ல போட்டுத் திறந்தும் பார்த்துட்டேன்."

"அதுல சத்தத்த நிறுத்தத் தெரிஞ்சுதா உனக்கு?"

"நிறுத்தல. வேகத்தத்தான் கொறச்சேன்."

எண் விசைகளின் மேல் அவள் கை அப்படியே நின்றது. கடிதத்தைப் பற்றி எதுவும் கேட்காமல் புத்தகத்தைப் பிரித்தேன். என் பேச்சு எதுவும் வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு.

"சரி, வாசிண்ணா" என்றாள்.

"மூச்சுத் திணறல் ஏதும் இல்லை."

"மூதி" என்று சுருக்கம் ஏற்றி அடித்துப் பார்த்தாள். விரிந்தது. அப்பாவின் பென்சில் குறிக்குப் பக்கத்தில் நானும் ஒன்று போட்டுவிட்டு அடுத்த வரியை வாசித்தேன்.