மற்றவைக்கு ஒன்பதை அழுத்தவும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சாம்பாரில் உப்பே போடவில்லை. வேண்டுமென்றேதான். இவர் வாசல் கதவைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார். ஒரு சொல் இல்லை. கல்யாணமான நாள்முதல் என் சமையலைக் குறை சொல்லியே உடம்பை வளர்த்த மனிதர். ராணுவத்தில் வாரண்ட் ஆபீசர். அதட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். போன வருடம் வெளிநாட்டுப் பயிற்சியில் இவர் போன ஜீப் கவிழ்ந்ததிலிருந்து இப்படி. ஓட்டிய பையன் பிழைத்து, நடந்து, இப்போது காதலியோடு செல்ஃபி போடுகிறான். யார்மேலும் தப்பில்லை என்று விசாரணையும் சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் தனசேகரன் மட்டும் இன்னும் ஜீப்புக்கு அடியிலேயே கிடக்கிறார்.

"கவுன்சலிங் போலாமாங்க?" என்றேன்.

"கேம்ப்ல கேட்டா பைத்தியம்னு எழுதி வச்சிடுவாங்க. அப்புறம் ரைஃபிளைத் தொட விடமாட்டாங்க. ஸ்டோர்ல ஜட்டி எண்ணச் சொல்லுவாங்க."

கதவையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஜட்டி எண்ணுவது எவ்வளவோ மேல். சொல்லவில்லை. எழுதுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

இவர் வேலை மூலமாகக் குடும்பத்துக்கு ஒரு காப்பீடு உண்டு. கையேட்டின் அட்டையில் சீருடை அப்பா, சிரிக்கும் அம்மா, பட்டம் விடும் பிள்ளை. 'உங்கள் மனநலம் எங்கள் அக்கறை.' அந்த அம்மாவின் பல்வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது, அவள் இந்தக் காப்பீட்டுக்காரர்களை ஒருமுறைகூடத் தொலைபேசியில் அழைத்ததில்லை.

நான் அழைத்தேன். பல்லுக்கு ஒன்று. கண்ணுக்கு இரண்டு. பிரசவத்துக்கு மூன்று — ஐம்பத்திரண்டு வயதில் அழுத்திப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. மனதுக்கு எண்ணே கிடையாது. மற்றவைக்கு ஒன்பது.

முகமது யூசுப் என்று ஒரு தம்பி லைனில் வந்தார். தேன் குரல்.

"எங்க லிஸ்ட்ல இருக்கிற பேனல் டாக்டர் லெட்டர் வேணும் மேடம். கவுன்சலிங் தேவைன்னு அவர் சொல்லணும்."

"நானே சொல்றேனே தம்பி."

"நீங்க சொன்னா கவர் ஆகாது லா."

"என் வீட்டுக்காரருக்குன்னா?"

"சார் கேம்ப் வழியா போகணும். இது ஃபேமிலிக்கு மட்டும்."

ஆக, நொந்தவருக்கு இல்லை; நொந்தவரோடு குடித்தனம் செய்கிறவளுக்கு உண்டு. இதை யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு அலுவலகத்தில் மாலை போட்டிருப்பார்கள்.

நானும் யோசித்தேன். நான் யோசித்தால் யாருக்கும் நல்லதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பேனல் டாக்டரிடம் போய் இவருடைய வியாதியை என்னுடையதாக ஒப்பித்தேன். தூக்கமில்லை டாக்டர். குக்கர் விசிலடித்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். காரில் முன் சீட்டில் உட்கார மாட்டேன்.

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஆர்மியில இருந்தீங்களா?"

"இல்ல டாக்டர். கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

கடிதம் கிடைத்தது.

மார்ச் 19, புதன்

காப்பீட்டின் கவுன்சலிங் பட்டியலில், நம் ஆட்கள் கூடும் சிராங்கூன் ரோட்டிலேயே ஒரு இடம் இருந்தது, டெக்கா சந்தைப் பக்கம், பூக்கடைக்கு மேல்மாடி. அங்கே போனால் நான் படியிறங்கும் முன்பே என் வியாதிக்குப் பெயர் வைத்துக் காதும் குத்தியிருப்பார்கள். அதனால் வீடிருக்கும் புக்கிட் மேராவிலிருந்து தீவின் அந்தக் கோடி ஜூரோங் வரை போனேன். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. பார்ப்பவர்கள் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவள் என்று நினைத்திருக்கலாம், கௌரவம்தான்.

காத்திருக்கும் அறையில் இன்னொரு கறுப்புக் கண்ணாடி. இரஞ்சிதம். இவரோடு வேலை பார்க்கும் தியாகராசாவின் மனைவி. எங்கள் வட்டாரத்து வம்பில் பாதி அவளுடையது, மீதி என்னுடையது.

"பல்வலி," என்றாள்.

"எனக்கும்."

சுவரில் 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"டெக்கால யாராவது பாத்துடுவாங்கன்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்," என்றாள் கடைசியில்.

"நானும்தான்."

"யார்கிட்டயும் சொல்லிடாத மங்களம்."

வாழ்நாளிலேயே பெரிய செய்தி கையில் கிடைத்திருக்கிறது. விற்க வழியில்லை.

கவுன்சலர் பெயர் வினுஷா. என் மகள் வயது இருக்கும். மறுபடி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குக்கர் விசிலை இந்த முறை நன்றாகவே நடித்தேன். கேட்டு முடித்து, "இதெல்லாம் உங்க வீட்டுக்காரருக்குத்தானே ஆன்ட்டி?" என்றாள்.

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"அவர் கதவைப் பாத்துக்கிட்டு இருக்கும்போது நீங்க எதைப் பாப்பீங்க?"

அவரைத்தான், என்றேன். அதற்குமேல்... சீ, என்ன அழுகை அது. டிஷ்யூப் பெட்டியைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். அதுவாவது கவர் ஆகுமா?

கிளம்பும்போது சொன்னாள்: "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க. ஃபைல் உங்களோடது. அவர் பேர்ல எதுவும் எங்கயும் போகாது."

மார்ச் 20, வியாழன்

மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. இவர் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன். "எனக்குத்தான் சரியில்லையாம். கூட ஒரு ஆள் வரணுமாம்."

கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்கா? எத்தனை நாளா?"

"உங்களுக்கு எத்தனை நாளோ, அத்தனை நாளா."

சிரிப்பாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் வழியிலேயே காலை வாரிவிட்டது. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். கதவை அல்ல. "லீவு போடுறேன்," என்றார்.

ஏப்ரல் 9, புதன்

காப்பீட்டிலிருந்து மின்னஞ்சல். பாதிப்பு எந்தத் தேதியில் குணமாகும் என்று தெரிவிக்க வேண்டுமாம். நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். நன்றி என்று வந்தது.

ஏப்ரல் 16, புதன்

ஜூரோங். கவுண்டரில் இருந்த பெண், "மேடம் மங்களம்" என்று கூப்பிட்டாள். நான் கைப்பையை எடுப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார். அணிவகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள்.

"நீங்க..."

"வீட்டுக்காரர்." என் பக்கம் திரும்பி, "நான் முதல்ல போறேன். நீ கொஞ்சம் கழிச்சு வா," என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. முதலில் வினுஷாவின் குரல். பிறகு இவர் குரல், அதட்டல் இல்லாமல், நிற்காமல்.

ஒட்டுக்கேட்பதில் என்னை மிஞ்ச இந்தத் தீவில் ஆள் கிடையாது. எழுந்து, வார்த்தை எட்டாத தூரமாகப் பார்த்து, லிஃப்ட் பக்கம் போய் நின்றுகொண்டேன்.