சூசைதாசன் இரண்டு தரம்

செப்ரெம்பர் 25
ஒக்ரோபரில் மாதா சுருவம், கோயில் சிலைதான், எங்கள் வட்டாரத்தில் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். முப்பது வீடு, வரிசையாக, ஒன்றையும் தாண்டக்கூடாது. கடைசி வீடு எங்களுடையது. மகள் றொசாந்தி கொழும்புக்குப் படிக்கப் போகுமுன் கணினியில், பைதன் மொழியில், பட்டியல் செய்து வைத்தாள். பெயரைச் சேர்த்தால் திகதி தானாக விழும், முப்பத்தொன்றோடு நின்றுவிடும். கோயில் கூட்டத்தில் "நான் பாக்கிறன்" என்று எழும்பியவன் நான்தான். ஓ.எல். பரீட்சையில் கணக்கை மூன்றாம் தரம் எழுதிச் சித்தியடைந்த மேதை!

செப்ரெம்பர் 26
சூசைதாசன் பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான், படுக்கையாய்க் கிடக்கும் மனைவியோடு. ஏழாம் வீட்டுக்கு அடுத்த வீடு. றொசாந்தி போனில் சொன்னாள்: "கடைசியிலை சேர்க்காதேங்கோ அப்பா. இன்சேர்ட் எண்டு அடிச்சு ஏழு எண்டு குடுங்கோ. உது பூச்சியத்திலையிருந்து எண்ணும்."
அடித்தேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. கோபமோ? இன்னொரு தரம் அடித்தேன். அச்சடித்து, பார்க்காமலே சுவாமியாரிடம் கொடுத்தேன்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு
பூசையில் சுவாமியார் பட்டியலை வாசித்தார். எட்டாந் திகதி சூசைதாசன். ஒன்பதாந் திகதியும் சூசைதாசன். முப்பத்தொன்று ஜெயரூபன். முடிந்தது.
நாங்கள்? மனைவி கத்தரீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மயிலிட்டியில் இருக்கும் தமக்கையை முப்பத்தொராந் திகதிக்கு அழைத்துவிட்டாள்.

செப்ரெம்பர் 29
"அது பேசாமல்தான் சேர்க்கும் அப்பா. ஒண்டை எடுத்துவிடுங்கோ" என்று றொசாந்தி சிரித்தாள். ஒரே வரிதான்.
அதற்குள் வாசல் படலையில் சூசைதாசன். "அண்ணை, மாதா ரெண்டு நாள் நிக்கிறா எண்டு மனிசிக்குச் சொன்னன். ஆறு மாசத்துக்குப் பிறகு சிரிச்சவள்."
ஓம், ஓம் என்றேன்.

செப்ரெம்பர் 30
கத்தரீனா: "ஊரெல்லாம் மாதா போறா, பட்டியல் எழுதினவரின்ரை வீட்டுக்கு மட்டும் இல்லை. நல்ல சீர்!" நவம்பர் முதலாந் திகதி காலை சுருவம் கோயிலில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூட நீட்ட முடியாது. எடுத்தால் சூசைதாசன் மனைவியின் சிரிப்புப் போகும், விட்டால் இவள் சிரிப்பு. நடுவில் நான், வலையில் மாட்டிய பேத்தை மீன் மாதிரி ஊதிக்கொண்டு.

ஒக்ரோபர் 9
எடுக்கவில்லை. கத்தரீனா இரண்டு நாளும் சூசைதாசன் வீட்டுக்குச் செபமாலைக்குப் போனாள். வந்து என்னோடு கதைக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி வந்தது, சீனியோடு.

நவம்பர் 1
காலையில் சுருவம் கோயிலுக்குத் திரும்பியது. சூசைதாசன்தான் தூக்கி வந்தான். எங்கள் படலைக்கு முன்னால் வந்ததும், "கால் நோகுது, கொஞ்சம் பொறுங்கோ" என்று நின்றுவிட்டான். கத்தரீனா ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்தினாள். ஒரு செபமாலை முழுதாகச் சொல்லி முடிந்தது.
அவன் காலுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேற்றுக்கூடத் தோணி தள்ளினவன்.