றிம்மில் தேங்காயெண்ணெய்

என் அன்பு அண்ணா,

உன் சயிக்கிளை இப்போது நான் ஓட்டுகிறேன். கேட்காமல் எடுத்ததற்குக் கோபிக்காதே. கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. உலகச் சண்டை முடிந்துவிட்டது. தெருவிளக்குகள் எரிகின்றன. அரிசி மட்டும் இன்னும் கூப்பனுக்குத்தான்.

லொறி மோதி நெளிந்த முன்சில்லை மாற்றிவிட்டோம். மற்றதெல்லாம் நீ விட்டபடி.

ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக அதில் ஏறி, நம் ஒழுங்கை வழியே கடற்பக்கம் போனேன். ரயிலுக்காகக் கேட் மூடியிருந்தது. முதலில் பின் பிரேக், பிறகு மெல்ல முன் பிரேக், நீ பிடிப்பது போலவே. ஒன்றும் நடக்கவில்லை. பலம் முழுவதும் கொடுத்து அழுத்தினேன். பிரேக் கட்டைகள் றிம்மில், சில்லின் இரும்பு வளையத்தில், அழுந்தின. சில்லு வழுக்கிக்கொண்டு ஓடியது. காலைத் தரையில் தேய்த்து, வேலியில் போய் விழுந்தேன்.

கேட்காரர் ஓடி வந்தார். "மல்லி, தம்பி, பிஸ்ஸுத? பைத்தியமா? ரயில் கோச்சி ஒங்க மாமாடையா, பாத்து நிக்க?"

றிம்மைத் தொட்டு விரலை மோந்தேன். தேங்காயெண்ணெய்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

"ஓம், நான்தான் பூசுறனான். உப்புக்காத்து இரும்பைத் தின்னுதல்லோ. வெள்ளிக்கிழமையில விளக்குக்கு விட்டு மிஞ்சிற எண்ணெய்."

"எவ்வளவு காலமா, அம்மா?"

"அவன் சயிக்கிள் வாங்கின நாள் துவக்கம், இண்டைவரைக்கும். வடிவாப் பார், ஒரு துருப்பொட்டு இருக்கோ?"

அவள் குரலில் பெருமை இருந்தது.

நீ எங்களை விட்டுப் போனது ஒரு சனிக்கிழமை காலை. கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் சரிவு. லொறிக்காரன் அன்றே சொன்னான்: "அவர் நிக்கேல்ல, நேர வந்திட்டார்." தப்புவதற்குச் சொல்கிறான் என்றோம். அவனை நாங்கள் ஒருவரும் நம்பவில்லை.

உனக்குத் தெரிந்திருந்ததா, அண்ணா? அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சவர்க்காரத் தண்ணீரும் துணியுமாக றிம்மைத் துடைப்பாயே. சுத்தக்காரன் என்று சிரித்திருக்கிறேன். அவள் மனம் நோகக்கூடாதென்றா ஒளித்துச் செய்தாய்? அன்று ஏன் துடைக்கவில்லை? நேரம் பிந்திவிட்டதா?

கட்டைகளைக் கழற்றினேன். எண்ணெய் குடித்து மினுங்கின. வேறு கட்டைகள் போட்டு, றிம்மைக் கழுவி, காயவிட்டேன். அம்மாவிடம் சொல்லாமல் விடலாம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வரும்.

"எண்ணெய் சங்கிலிக்கு மட்டும் விடுங்கோ, அம்மா. றிம்மில பட்டா பிரேக் பிடியாது."

கையிலிருந்த துணியை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அப்ப அவனுக்கு?"

"அது லொறி, அம்மா. லொறிக்காரன்ர பிழை."

"உண்மையாவோ?"

"ஓம்."

உண்மை என்றால் என்ன என்று பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். நம்பினாளா, தெரியவில்லை. அன்று சாப்பிடும்போது உன் பெயரைச் சொல்லவில்லை. நீ போன பிறகு இதுதான் முதல் தடவை.

பெயர் போடாமல் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். இந்தக் கரையில் இன்னும் எத்தனை வீடுகளில், எத்தனை அம்மாக்கள், துரு பிடிக்கக்கூடாதென்று எண்ணெய்த் துணியோடு குந்தியிருக்கிறார்களோ. வாசிப்பவர்கள் எழுந்துபோய் ஒருதரம் றிம்மைத் தொட்டுப் பார்க்கட்டும். தெருவுக்கு இறங்குமுன் முற்றத்திலேயே பிரேக்கைப் பிடித்துப் பார்க்கட்டும்.

அந்த லொறிக்காரருக்கு வேலை போய்விட்டதாம். கிராண்ட்பாஸில் எங்கோ இருக்கிறாராம். அம்மாவுக்கு 'ஓம்' சொன்ன அந்த நிமிடத்தில் அவரை இரண்டாந்தரமும் குற்றவாளியாக்கினேன்.

அண்ணா, இது என் வாக்கு. அம்மா கேட்கும்போதெல்லாம் லொறி என்றே சொல்வேன். லொறிக்காரரைத் தேடிப்போய், நீங்கள் சொன்னது சரி என்பேன். இரண்டையும் செய்வேன். எதைச் சொல்லும்போது உன் முகத்தை நினைப்பது என்றுதான் தெரியவில்லை.

உனக்கு அடுத்துப் பிறந்த
தம்பி
வெள்ளவத்தை