மதி மாற்றி வைத்த கீபோர்டு

ஜூன் 9, திங்கள்

டைப்பிங் கடையில் என் கம்ப்யூட்டர் மேல் போட்ட துண்டை இன்றும் எடுக்கவில்லை. தம்பி மதியழகன் போனதிலிருந்து இரண்டு மாதமாக அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கீபோர்டில்தான் வேலை. இன்று அடித்தது பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு நான்கு, திருமணப் பதிவு ஒன்று. வலது சுண்டுவிரல் வீங்கிவிட்டது. மாசியில் வேன் கதவில் நசுங்கிய விரல், இன்னும் ஆறவில்லை. டைப் அடிப்பவள் விரல் போச்சு என்று வெளியே சொல்ல முடியுமா? யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 11

மத்தியானம் பின்னாலிருந்து ஸ்பேஸ் பார் சத்தம். அவன் மாதிரியே, கட்டைவிரலால் குத்துகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். துண்டு போட்டது போட்டபடியே இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

ஜூன் 16, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது தலைக்குள் ஓடுவது நிற்கிறதா பார்ப்போம்.

ஏப்ரல் 3. காலையில் மதி டீயோடு வந்து, "அக்கா, ஒரு நிமிஷம், உன் கீபோர்டுல..." என்று ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. "அப்புறம் பாக்கலாம், போடா" என்றேன். கோட்டுச்சேரிக்காரர் ஒருவருக்கு அவசரம். பாரிசில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டிய தாள். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். கண் தாளில்தான் இருக்கும், திரைக்குப் போகாது. அந்தத் திமிர்தான். எந்தக் கீயில் எந்த எழுத்து என்பதை என் கம்ப்யூட்டரில் மாற்றி வைத்திருக்கிறான். பிரெஞ்சு é வர வேண்டிய இடத்தில் எல்லாம் வேறு என்னவோ குறி விழுந்திருக்கிறது. பார்க்காமலேயே பிரிண்ட் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினோரு மணிக்குப் போன். "என்னம்மா இது, எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா இருக்கு?"

ஆறு பேர் முன்னால் கத்தினேன். "யாரக் கேட்டுடா என் கீபோர்டுல கை வச்ச? நீயே போயிக் குடுத்துட்டு வா. போய்த் தொல!" அவன் தன் மெஷினில் சரியாக அடித்து எடுத்துக்கொண்டு பைக்கை எடுத்தான். கோட்டுச்சேரி போய்ச் சேரவில்லை. வழியில் லாரி.

நான்தான் அனுப்பினேன் என்று அம்மாவுக்குத் தெரியும். என்ன சொல்லி அனுப்பினேன் என்று தெரியாது.

எதுக்குடா மாத்தின? நல்லாத்தானே இருந்துச்சு — விளையாட்டா உனக்கு?

ஜூன் 23

கடை முதலாளி சிவராமன் அண்ணன் இன்று சொல்லிவிட்டார். "எழிலு, நாளைக்கு ரிஃபானான்னு ஒரு பொண்ணு வேலைக்கு வருது. அந்த மெஷின சும்மா போட்டு வக்க முடியாதும்மா. முப்பதாந்தேதி எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுவோம்."

சரி என்றேன். அழியட்டும், சனியன்.

ஜூன் 24

ரிஃபானா துண்டை எடுத்து, அழகாக மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு. "அக்கா, இது என்ன பேய் கீபோர்டா? கேப்ஸ் லாக்க அமுக்குனா அடுத்த வரிக்குப் போவுது!"

இந்தக் கடையில் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டவன் மதி ஒருவன்தான்.

ஜூன் 27, வெள்ளி

ரிஃபானா கெட்டிக்காரி. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று ஒரு தாளில் படமே வரைந்துவிட்டாள். அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"é இடது கைக்குப் போயிடுச்சு. எண்டர், அழிக்கிற கீ ரெண்டும் இடது பக்கம். தமிழுக்கு மாத்துனாலும் இப்படித்தான். வலது சுண்டுவிரலுக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லக்கா. இதச் செஞ்சவங்களுக்கு அந்த விரல் கெடையாதா?"

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பார்த்திருக்கிறான். மேஜைக்குக் கீழே ஒளித்து ஒளித்துத் தைலம் தேய்த்ததை எல்லாம் பார்த்திருக்கிறான். கேட்டால் இல்லை என்பேன், வள்ளென்று விழுவேன் என்று தெரியும் அவனுக்கு. ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வேறு விரலுக்குக் கொடுத்திருக்கிறான்.

பாவி, சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா? — சொல்லத்தானே வந்தான். ஒரு நிமிஷம் கேட்டான். ஒரு நிமிஷம்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். போய்த் தொலை என்றதையும். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஒங்கிட்ட அவன் வாங்காத திட்டா?" என்றாள். சாயங்காலம் தட்டில் சோறு போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

ஜூன் 30

கடை திறக்கும்போதே போய் நின்றேன். "அண்ணே, அத அழிக்காதீங்க."

"ஏம்மா? நீயே சரின்னுதானே சொன்ன?"

"அது என் கைக்குன்னு போட்டதுண்ணே."

சரி என்று தலையாட்டினார். நான் என் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தேன். மதியின் நாற்காலிக்கு ரிஃபானா போனாள்.

ஜூலை 10, வியாழன்

மாங்கனித் திருவிழா. தெரு கொள்ளாத கூட்டம், கடையில் ஒரு ஆள் இல்லை. இருந்த வேலையை எல்லாம் முடித்தேன். ஒன்பது பக்கம். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. முடித்த பிறகு ஒவ்வொரு வரியாகத் திரையில் பார்த்தேன். é எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

பின்னாலிருந்து அந்தச் சத்தம் இப்போது வருவதில்லை. ஸ்பேஸ் பாரை ஏன் அப்படிக் குத்துறீங்க என்று ரிஃபானா என்னைக் கேட்கிறாள்.

விரல் வலிக்கவே இல்லை. கொஞ்சம் வலித்தால் தேவலை.